‘அவரையும்தான் ஃபைனல்ல உட்கார வெச்சாங்க!’

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக் கால்பந்து அணியில் மிட்ஃபீல்டர். எதிரணியில் யார் நன்றாக ஆடுகிறாரோ அவர் பின்னாலேயே ஓடும் வேலையைப் பயிற்சியாளர் இவனுக்குத்தான் கொடுப்பார். காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் முழு நேரமும் ஆடினான். இறுதிப்போட்டி அன்று பட்டியலில் பெயரே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான். ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஒரு காலத்தில் நான் ராத்திரி கண்விழித்து டிவியில் பார்த்த கொரிய வீரர் பார்க் ஜி-சுங் கதையைச் சொன்னேன். மறுநாள் ஃபோனில் எதையோ படித்துவிட்டு வந்து, “அவரையும்தான் ஃபைனல்ல உட்கார வெச்சாங்க, அதை ஏன்பா சொல்லல?” என்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சியாளரைப் போய்ப் பார்த்து நியாயம் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: பையன் உங்களை மடக்கிவிட்டான், அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கதை சொல்லும்போது கசப்பான பக்கத்தை மடித்து வைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துக் காட்டுவோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஃபோனை எடுத்ததும் நேராக மடித்த பக்கத்துக்கே போகிறார்கள்.

அவன் படித்தது இதுவாகத்தான் இருக்கும். 2008 மே 21, மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் செல்சிக்கும், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. ரோமாவோடு காலிறுதி இரண்டு ஆட்டம், பார்சிலோனாவோடு அரையிறுதி இரண்டு ஆட்டம், நான்கிலும் பார்க் ஆடியிருந்தார். இறுதியிலும் ஆடியிருந்தால் அந்தப் போட்டியில் களமிறங்கிய முதல் ஆசியர் என்ற பெயர் அன்றே கிடைத்திருக்கும். யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் முதல் 11 பேரில் அவரைச் சேர்க்கவில்லை, சரி, மாற்று ஆட்டக்காரர்கள் 7 பேரிலும் சேர்க்கவில்லை. நமக்கு நள்ளிரவு 12.15, சியோலில் அதிகாலை 3.45, இவருக்காகவே அலாரம் வைத்து எழுந்த ஒரு நாடு, கோட் சூட்டோடு நின்ற மனிதரைப் பார்த்தது. நானும் விழித்திருந்தேன். திரையில் வந்த பட்டியலில் பெயரைத் தேடிவிட்டு, எழுத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆட்டம் 1-1 என்று நின்று, பெனால்டியில் 6-5 என யுனைடெட் ஜெயித்து முடிக்கும்போது நமக்கு மணி மூன்று.

“அதனாலென்ன, அடுத்த வருடமே ரோம் இறுதிப்போட்டியில் ஆடினாரே” என்று நீங்கள் சொல்வீர்கள். ஆடினார். 2009-ல் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார், முதல் ஆசியர் என்ற பெயரும் வந்தது, ஆனால் பார்சிலோனாவிடம் 0-2 தோல்வி. 2011-ல் வெம்ப்லியிலும் ஆடினார், மறுபடி அதே பார்சிலோனா, 1-3. அதாவது, இவர் வெளியே உட்கார்ந்த வருடம் கோப்பை வந்தது, இவர் ஆடிய இரண்டு வருடமும் வரவில்லை. பெர்குசன் பின்னாளில் அந்த மாஸ்கோ முடிவுக்காக வருத்தப்பட்டார் என்பது உண்மை. ஆனால் வருத்தத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள முடியாது. ஆகவே ‘பொறுத்திரு, உனக்கும் ஒரு நாள் வரும்’ என்று மகனிடம் சொல்லப் போனீர்கள் என்றால் அவன் இந்தக் கணக்கையும் தேடி எடுத்துக்கொண்டு வருவான், ஜாக்கிரதை.

பின்னே எதைத்தான் சொல்வது? எனக்கு இவருடைய வாழ்க்கையில் மான்செஸ்டர் காலத்தைவிட அதற்கு முந்தைய கட்டம்தான் பிடிக்கும். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கும் அதுதான் பொருந்தும்.

சூவோன் நகரத்தில் வளர்ந்த பையன். பள்ளியில் சின்ன உடம்பு. அப்பா பார்க் சுங்-ஜோங், மகனுக்கு நல்ல கறி கிடைக்க வேண்டும் என்று இருந்த வேலையை விட்டுவிட்டு இறைச்சிக் கடை போட்டவர். உயரம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தவளையை வேகவைத்து வடித்த சாற்றை மகனுக்குக் குடிக்கக் கொடுத்தவர். (நீங்கள் இதைப் படித்துவிட்டு எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.) அவ்வளவு செய்தும் உயர்நிலைப் பள்ளி முடித்தபோது தொழில்முறை கிளப் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. கால்பாதம் வேறு தட்டை. கடைசியில் மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் கால்பந்துக்கான இடங்கள் தீர்ந்துபோய், டென்னிஸ் அணிக்கு ஒதுக்கிய இடத்தை வாங்கித்தான் பயிற்சியாளர் கிம் ஹீ-தே இவரைச் சேர்த்தார் என்று அங்கே சொல்வார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்கான அணியில் கொரியப் பயிற்சியாளர் ஹோ ஜுங்-மூ இவரைத் தேர்ந்தெடுத்தபோது, யாருக்கும் தெரியாத இந்தப் பையனை எப்படி எடுத்தார், இரண்டு பயிற்சியாளர்களும் பாதுக் ஆடியதில் தோற்றவர் கொடுத்த பந்தயப் பொருளாக இருக்கும் என்று ஊரே கேலி பேசியதாம். பாதுக் என்பது கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் பலகை ஆட்டம். அதே ஹோ ஜுங்-மூ 2010 உலகக்கோப்பைக்குக் கொரிய அணியைக் கூட்டிக்கொண்டு போனபோது கேப்டன் யார் தெரியுமல்லவா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘திறமை இல்லை, உழைப்பால் மட்டுமே வந்தவர்’ என்று இவரைப் பற்றிப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. தொடக்கப் பள்ளியிலேயே, கொரியாவின் பழைய நட்சத்திர வீரர் சா பம்-குன் பெயரால் கொடுக்கும் சிறுவர் விருதை வாங்கியவர் இவர். 2002 ஜூன் 14, இஞ்சியோனில் போர்ச்சுகலுக்கு எதிராக அடித்த கோலை மகனோடு ஒரு தடவை பாருங்கள். இடதுபக்கத்திலிருந்து லீ யங்-பியோ தூக்கிப் போட்ட பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழ விடாமல் வலது காலால் ஒரு தட்டு, தடுக்க வந்தவர் ஏமாந்து அந்தப் பக்கம் போக, பந்து தரையைத் தொடுவதற்குள் இடது காலால் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே. அடித்துவிட்டு பயிற்சியாளர் ஹிடிங்க்கிடம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். வெறும் ஓட்டக்காரனுக்கு இது வராது. உங்கள் மகனிடமும் ‘நீ நன்றாக ஓடுகிறாய்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவனுக்கு அது வசவாகக் கேட்கும்.

அந்த 2002-ல் கொரியா அரையிறுதி வரை போனது. அணிக்கே கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கிடைத்தது, கொரிய ஆட்டக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நாட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். பார்க் அப்போது ஜப்பானில் கியோட்டோ பர்ப்பிள் சங்கா அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஹிடிங்க் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவனுக்குப் போய் இவரையும் கூப்பிட்டார். கியோட்டோவோடு ஒப்பந்தம் 2002 டிசம்பர் 31-ல் முடிகிறது; பேரரசர் கோப்பை இறுதிப்போட்டி ஜனவரி 1. போய்விடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நின்றார், ஆடினார், கஷிமா ஆன்ட்லர்ஸ் முன்னிலையில் இருந்தபோது சமன் செய்த கோலை அடித்தார், 2-1 என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். கியோட்டோவுக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை.

இப்போது உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பூட்ஸுக்கு வருகிறேன். ஐந்தோவனில் முதல் வருடம் நரகம். போன கொஞ்ச நாளிலேயே முழங்காலில் அறுவைசிகிச்சை, திரும்பி வந்தால் ஆட்டம் வரவில்லை. சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே இவர் காலுக்குப் பந்து வந்தால் ஊளையிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பந்து தன்னிடம் வராமல் இருந்தால் தேவலை என்று ஒரு மிட்ஃபீல்டர் நினைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். ஹிடிங்க் செய்தது எளிமையான காரியம்: கொஞ்ச காலம் இவரை உள்ளூர் ஆட்டங்களில் இறக்காமல் வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கினார். ஜப்பானுக்கே திரும்பிப் போகிறாயா என்றும் கேட்டார். பார்க் இருக்கிறேன் என்றார். கேட்டது பயிற்சியாளர், பதில் சொன்னது பார்க். நடுவில் அப்பா வந்து பேசவில்லை, கவனித்தீர்களா? தவளைச் சாறு வடித்த அப்பாதான், ஆனால் அந்த அறையில் அவர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 2005 மே 4, அதே மைதானம், ஏசி மிலானோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 9-வது நிமிடத்தில் பார்க் கோல். ஊளையிட்ட அதே கூட்டம் எழுந்து நின்றது. பிஎஸ்வி 3-1 என்று ஜெயித்தும், முதல் ஆட்டத்தில் 0-2 தோற்றிருந்ததால் மொத்தம் 3-3; சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்று அப்போதிருந்த வெளியூர்க் கோல் விதிப்படி வெளியேறியது. இவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று, அதிலும் இறுதிக்குப் போகவில்லை! ஆனால் அந்தக் கோடையிலேயே மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிவிட்டது. ஏழு பருவம், 205 ஆட்டம், 27 கோல், நான்கு பிரீமியர் லீக் பட்டம்.

27 கோல்தானா என்று பையன் கேட்பான். 2010-ல் மிலானோடு ஆடிய இரண்டு ஆட்டங்களை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பெர்குசன் இவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, ஆந்த்ரேயா பிர்லோவை விடாதே. மிலானின் ஆட்டம் முழுக்க பிர்லோவின் காலில் ஆரம்பிக்கிறது, அந்தக் காலுக்குப் பந்து போகக் கூடாது. பந்தைப் பின்தொடராமல் பார்க்கை மட்டும் பாருங்கள். பிர்லோவை ஒட்டியே நிற்கிறார் என்று தோன்றும், உண்மையில் பந்து வைத்திருப்பவனுக்கும் பிர்லோவுக்கும் நடுவில் வந்து நிற்கிறார், தலையைத் திருப்பித் திருப்பி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே. பிர்லோ பின்னால் இறங்கினால் இவரும் இறங்குகிறார், பிர்லோ சலித்துப்போய் நடக்க ஆரம்பித்தால் இவரும் நடக்கிறார். ஓல்டு டிராஃபோர்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 4-0. அதில் ஒரு கோல் காவலுக்கு நின்ற பார்க்குடையது. உங்கள் மகனுடைய பயிற்சியாளர் அவனுக்குக் கொடுக்கும் வேலை இதுதான். பையனுக்கு அது தண்டனையாகத் தெரிகிறது என்றால், ஒன்று பயிற்சியாளர் விளக்கிச் சொல்லவில்லை, இல்லை நீங்கள் வீட்டில் “எத்தனை கோல்டா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் என் வீட்டில் கேட்டவன்தான்.

இந்த வேலையில் சங்கடமும் உண்டு. 2006 ஏப்ரலில் டோட்டன்ஹாம் மைதானத்தில், அந்தப் போர்ச்சுகல் கோலுக்குப் பந்து தந்த லீ யங்-பியோ, ஐந்தோவனில் கூடவே ஆடிய நண்பர், இப்போது எதிரணியில். அவர் காலிலிருந்து பார்க் பந்தைப் பறிக்க, யுனைடெட்டின் ரூனி கோலடித்தார். அதே ஆட்டத்தில் எடுத்த ஒரு படம் கொரியாவில் எல்லாருக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, கை மட்டும் பின்பக்கமாக நீண்டு, ஒரு கணம் கோத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் படம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். பயிற்சியாளரிடம் நீங்கள் போகக் கூடாது. நீங்கள் போனால் அது நியாயம் கேட்பதாக ஆகாது, சிபாரிசாக ஆகிவிடும், அணியில் மற்ற பையன்கள் அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டுவார்கள். போக வேண்டியது மகன். அதுவும் ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று போனால் பயிற்சியாளர் காரணம் தேடத்தான் ஆரம்பிப்பார். ‘இறுதிப்போட்டியில் என்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் என்னிடம் இன்னும் என்ன இருக்க வேண்டும் சார்?’ என்று கேட்கட்டும். பதில் உருப்படியாக வந்தால் ஆறு மாதத்துக்கு வேலை கிடைத்துவிடும். மழுப்பலாக வந்தால், அதுவும் ஒரு பதில்தான், வேறு கிளப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அப்புறம் முழங்கால். இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். விடாமல் ஓடுவதால் ‘ஆக்ஸிஜன் டேங்க்’ என்று கொரியாவில் பட்டப்பெயர் வாங்கிய மனிதர், அந்த ஓட்டத்துக்கு முழங்காலால் விலை கொடுத்தார். 2007-ல் மறுபடி அறுவைசிகிச்சை, மாதக்கணக்கில் ஆட்டமில்லை. கொரியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே பறந்து பறந்து முழங்கால் வீங்கும். 2011 ஆசியக் கோப்பையில் நாட்டுக்காக நூறாவது ஆட்டம் ஆடிவிட்டு, 30 வயதுகூட நிறையாத நிலையில் தேசிய அணிக்கு விடை சொன்னார். 2014-ல் 33 வயதில் ஆட்டமே முடிந்தது. உங்கள் மகனுக்கு இப்போது 16 என்று வையுங்கள், வலி இருந்தால் மறைக்காமல் சொல்கிறானா? ஒரு எலும்பு மருத்துவரிடம் இப்போதே ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பூட்ஸை நீங்கள் பரணிலிருந்து இறக்காதீர்கள். அவனே இறக்கினால் சரி, இறக்கவே இல்லையென்றாலும் சரி, பிளஸ் ஒன் பையனுக்கு ஆட்டத்தை விடும் உரிமையும் உண்டு. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மிலான் ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள், மாஸ்கோ பற்றி அவன் சொன்னது சரி என்று நீங்களாகவே ஒத்துக்கொண்டுவிட்டு. பயிற்சியாளர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். இந்தத் தடவை அவனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.