விபத்து இழப்பீட்டு வழக்கறிஞராக விரும்புவோருக்கு: கேள்வி பதில்

வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் மூத்த வழக்கறிஞர் ஒருவர், இத்துறைக்கு வர விரும்புவோரின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

சட்டக் கல்லூரி மாணவி: இத்துறைக்கெனத் தனியாக ஏதேனும் படிக்க வேண்டுமா, ஐயா?

வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் 5 ஆண்டுப் படிப்பையோ, பட்டத்துக்குப் பின் 3 ஆண்டுப் படிப்பையோ முடித்து, மாநில பார் கவுன்சிலில் பதிவுசெய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். எஞ்சியதைச் சீனியரிடம் வழக்குக் கட்டுகளைப் புரட்டித்தான் கற்க வேண்டும்.

இளம் வழக்கறிஞர்: எனக்குப் பேச்சாற்றல் குறைவு. இத்துறை ஒத்துவருமா?

தாராளமாக வரும். இவ்வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சொல்வன்மையைவிடக் கணக்குக்கும் மருத்துவ அறிவுக்கும்தான் வேலை அதிகம். மாதம் 20,000 ரூபாய் ஈட்டிய 28 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இடக்கையை இழந்துவிட்டார், மருத்துவக் குழு அதை 60 விழுக்காடு ஊனம் எனச் சான்றளித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் சர்ளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அவர் வயதுக்குரிய பெருக்கெண், அதாவது ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண், 17. சான்றிதழிலுள்ள விழுக்காட்டையே வருமான இழப்பாகக் கொண்டால், எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமல், 24,48,000 ரூபாய் வரும். ஆனால் உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் அந்த நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமலிருக்கலாம், ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறத்தாழ முழு வருமானமும் போய்விடும். அதை மெய்ப்பித்தால் இதே வழக்கில் தொகை 40,80,000 ரூபாய் வரை உயரும். இதற்கு ஓட்டுநர் உரிமமும், சம்பளம் கொடுத்தவரின் சாட்சியமும், மருத்துவரின் சாட்சியமும் வேண்டும். சான்றிதழிலுள்ள விழுக்காடு அந்த உறுப்புக்கு மட்டுமா, முழு உடலுக்குமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறியாதவர் குறுக்கு விசாரணையில் திணறுவார்.

மற்றொரு மாணவர்: அமெரிக்காவைப் போல, கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்ளலாமா?

கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடைசெய்கின்றன. விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதற்கும் தடை உண்டு. மருத்துவமனை வாசலில் தரகர்களை நிறுத்தும் அலுவலகங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே ஜூனியராகச் சேர்ந்தால் தொழிலைவிடத் தந்திரத்தைத்தான் கற்பீர்கள்.

ஜூனியர் வழக்கறிஞர்: காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் தொடங்குவது நல்லதா?

சில ஆண்டுகளுக்கு நல்லது என்பதே என் கருத்து. உரிமம் காலாவதியானது, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, காயமடைந்தவரின் கவனக்குறைவும் காரணம் என எதிர்த்தரப்பு எழுப்பும் வாதங்கள் எங்கே உருவாகின்றன என்பது அங்கேதான் விளங்கும். பின்னர் மனுதாரர் தரப்புக்கு வரும்போது மனுவை எழுதுகையிலேயே அவற்றுக்கு அரண் அமைக்கலாம்.

அதே வழக்கறிஞர்: கட்சிக்காரர் முதன்முறை வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விபத்து நடந்த தேதியை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. காயமடைந்தவர் அதில் பெரும்பகுதியை மருத்துவமனையிலேயே கழித்திருப்பார். அடுத்து முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதில்லை. கட்சிக்காரர் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் செய்யலாம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், நடக்க முடியாதவருக்கு அது பெரிய உதவி.