சாரல் ஊர்க் காய்கறித் தோட்டம்: கேள்வி பதில்

செங்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் மூன்று சென்ட் இடத்தில் இருபது ஆண்டுகளாகக் காய்கறி போட்டு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் கேரளத்து அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: காயும் வேண்டும், கண்ணுக்கும் நிறைவாக இருக்க வேண்டும்.

கேள்வி (புளியரை): அக்கா, வீட்டு முன்புறம் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் நட்டிருக்கிறேன். வருகிறவர்கள் "என்ன இப்படிக் காடாகக் கிடக்கிறது?" என்கிறார்கள். பூச்செடி வாங்கி நடட்டுமா?

பூச்செடி அப்புறம். முதலில் பாதை போடுங்கள், தங்கச்சி. கால் வைக்கும் இடம் எது, செடி நிற்கும் இடம் எது என்று புரியாவிட்டால் எந்தத் தோட்டமும் காடாகத்தான் தெரியும். பாத்தி நான்கடி அகலத்துக்கு மேல் போக வேண்டாம்; இரு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுச்செடி எட்ட வேண்டும். இடையே ஒன்றரை அடிப் பாதை. அதில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, பரப்புங்கள். காலில் சேறு ஒட்டாது, களை அடங்கும், மட்கிய பிறகு அதுவே பாத்திக்கு உரமாகும். ஓரத்துக்குச் செங்கல்லோ உடைந்த ஓடோ, எதுவானாலும் ஒரே வகையாக இருக்கட்டும். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் விடாமல் பிடிக்கும் என்பதால் பாத்தியை ஓரடி மேடாக்குங்கள். இல்லையென்றால் மிளகாய்தான் முதலில் வேரழுகிச் சாயும்.

நிறத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வெண்டைப் பூவை ஒரு காலை நேரம் நின்று பாருங்கள்: வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் அரக்குப் பொட்டு. செம்பருத்தியும் அதுவும் ஒரே குடும்பம். கத்தரிப் பூ ஊதா. ஊதா அவரையில் பூவோடு காயும் ஊதா. வேலியோரம் அவரைக்கொடி, அதற்கு முன்னால் வெண்டை, அடுத்து கத்தரியும் மிளகாயும், பாதை விளிம்பில் சிவப்புப் பொன்னாங்கண்ணி என்று படிப்படியாக இறக்கிக்கொண்டு வாருங்கள். வெயில் கிடைக்காமல் குட்டைச் செடிகள் ஏங்கவும் ஏங்காது, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

கேள்வி (தென்காசி): தக்காளிக்கு நடுவே கேந்தி (செண்டுமல்லி) நடுவது அழகுக்கு மட்டும்தானா?

இல்லை. கேந்தியின் வேர், மண்ணிலிருந்து செடி வேரைத் தாக்கி முடிச்சு முடிச்சாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும். ஆனால் அங்கொன்று இங்கொன்றாக நட்டால் பெரிய பலன் இராது. ஒரு பாத்தி முழுக்க இரண்டு மாதம் நெருக்கமாக வளர்த்து, பிறகு அதே மண்ணில் தக்காளி வையுங்கள். கேந்தி நாற்றை ஆனியில் நட்டால் ஓணத்துக்குப் பூக்கும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கரிசல் மண். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பாகல் பந்தல் ஆண்டுதோறும் சாய்கிறது. மேற்கே சுவர் எழுப்பலாமா, அம்மா?

சுவர் வேண்டாம், தம்பி. சுவரில் மோதிய காற்று மேலே ஏறித் தாண்டி, உள்ளே சுழன்று இறங்கும், சேதம் கூடும். காற்றைப் பாதி வடிகட்டி விடுகிற உயிர்வேலிதான் நல்லது. தவசிக்கீரைக் குச்சிகளை மழைக்காலத்தில் ஓரடிக்கு ஒன்றாக இரட்டை வரிசையில் ஊன்றுங்கள். கேரளத்தில் அதை வேலிச்சீரை என்றே சொல்வார்கள். கொழுந்தைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை அடர்ந்து பச்சைத் திரையாக நிற்கும். கிள்ளியதைச் சமைத்து, அளவோடு சாப்பிடுங்கள்; பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்கவே கூடாது, நுரையீரலைக் கெடுக்கும். பந்தல் கால் இரண்டடி ஆழம் இறங்கட்டும். பிளாஸ்டிக் கயிற்றைவிடத் தென்னங்கயிற்றைப் பாகல் சுருள் நன்றாகப் பற்றும், பார்க்கவும் உறுத்தாது. கோடையில் கரிசல் வெடிக்காமலிருக்க மட்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்து, மேலே காய்ந்த இலையால் மூடுங்கள்.

கேள்வி (குமுளி): மர நிழலில் என்ன வைக்கலாம்?

மஞ்சள், இஞ்சி, சேம்பு. காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்து அவற்றை வாட்டாதீர்கள்.

கேள்வி (செங்கோட்டை): புதினா, கொத்தமல்லி, துளசி, கற்பூரவல்லி ஆகியவற்றை ஒரே பாத்தியில் வைக்கலாமா?

புதினாவை மட்டும் பிரித்துவிடுங்கள். அது மண்ணுக்கடியில் ஓடி மற்றதை விழுங்கிவிடும்; அடியில் ஓட்டையுள்ள பழைய மண்பானை அதற்குப் போதும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். கடும் வெயிலில் அது சீக்கிரம் பூத்துவிடும். அப்படிப் பூத்ததைப் பிடுங்க எனக்கு மனம் வருவதில்லை. வெள்ளைக் குடைபோல் விரியும், தேனீ மொய்க்கும். கற்பூரவல்லியைப் படியோரம் வைத்தால் விளிம்பில் வழிந்து தொங்கும். எல்லாமே அடுக்களை வாசலுக்குப் பத்தடிக்குள் இருக்கட்டும். தொலைவில் வைத்ததைப் பறிக்க மாட்டோம். பறிக்காதது தண்டு நீண்டு அலங்கோலமாகும்.

கேள்வி (களியக்காவிளை): மாடியில் பல நிற டப்பாக்கள் கண்ணை உறுத்துகின்றன.

வெளிப்புறம் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். வேரும் சூடாகாது.

கேள்வி (கடையநல்லூர்): அறுவடை முடிந்ததும் பாத்தி பாழடைந்து கிடக்கிறதே, அக்கா?

நாற்று கைவசம் இல்லாததால்தான். ஒரு மூலையில் எப்போதும் கத்தரி, மிளகாய் நாற்று பத்துப் பதினைந்து இருக்கட்டும். நாற்று இல்லாத நாளில் தண்டுக்கீரை விதையைத் தூவினால் ஒரு மாதத்துக்குள் கீரை பறிக்கலாம், மண்ணும் மூடியிருக்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதுக்காய் பிடிப்பது குறையும். விதைக்கு வேண்டிய காயைப் பின்வரிசைச் செடியில் துணி கட்டி அடையாளம் வைத்தால் போதும். பழைய செடியைக் காலையில் பிடுங்கினால் குழியில் எருவிட்டு ஆறவிடுங்கள். புது நாற்றை மாலையில், வெயில் இறங்கிய பிறகு நடுங்கள்.