ஆளைப் பிடிப்பதற்கு முன் கடிதத்தை வாசியுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் எங்கள் குடும்பக் காணியில் 32 அறைகளோடு ஹோட்டல் கட்ட விண்ணப்பித்தோம். பிளான் பாஸ் ஆகவில்லை. அயலவர்கள் பெட்டிசன் போட்டதுதான் காரணம் என்கிறார்கள். மேலிடத்தில் ஆளைப் பிடித்தால் மேன்முறையீட்டில் சரிவரும் என்று சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், கொழும்பு 6

பதில்: "என்கிறார்கள்", "சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிராகரித்த கடிதம் என்ன சொல்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மேன்முறையீடு அந்தக் கடிதத்துக்குத்தான் பதில்; ஊர்ப்பேச்சுக்கு அல்ல.

கடிதத்தில் காரணம் தெளிவாக இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, உங்களைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுத்த அதிகாரி, நீங்கள் கேட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். கொழும்பில் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேன்முறையீடு யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாள் தவறினால் நல்ல நியாயமும் எடுபடாது.

அப்புறம், அதிகாரிகள் மறுத்தது சரியாகவும் இருக்கலாம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நானும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில்தான் குடியிருக்கிறேன். ஓர் இரவு பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றதால் அம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் பெருந்தெருவான காலி வீதிவரை தூக்கிக்கொண்டு போனோம். 32 அறைக்கு வருகிறவர்களின் வான்கள் எங்கே நிற்கும்? தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்? கழிவுநீர் எங்கே போகும்? கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் பிரித்தானியர் காலத்தில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கியவை. தனி வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெட்டிசன் போட்ட அயலவருக்கு உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள், அவருடைய பயம் உண்மையானது.

காணி கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் நில அளவையாளரிடம் கேளுங்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் வழக்கமாக ஏறி வரும் எல்லையிலிருந்து, நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் சம்மதித்தாலும் அது தனிக் கணக்குத்தான்.

காரணங்கள் கையில் வந்ததும் கட்டடக் கலைஞரோடு உட்காருங்கள். வாகனத் தரிப்பிடம், அறைகளின் எண்ணிக்கை போன்றவற்றால் மறுத்திருந்தால், பிளானைத் திருத்தி மறுபடி கொடுப்பதே மேன்முறையீட்டை விட விரைவாக முடியலாம். விதியைத் தவறாக வாசித்து மறுத்திருந்தால் மட்டும் மேன்முறையீட்டில் உறுதியாக நில்லுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே அளவும் வரைபடமும் வைத்துப் பதில் சொல்லுங்கள். குடும்பக் கதையும் முதலீட்டுத் தொகையும் அங்கே உதவாது.

அதுவும் தோற்றால் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போட்டு, அந்த முடிவை ரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் நீதிபதிகள் உங்கள் ஹோட்டல் நல்லதா என்று பார்க்க மாட்டார்கள். முடிவு அதிகாரத்துக்கு உட்பட்டதா, நியாயமாக எடுக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள். தாமதித்துப் போனால் அதுவே மனுவைத் தள்ளக் காரணமாகலாம்.

இந்த வழி உங்கள் அயலவருக்கும் திறந்திருக்கிறது. ஆளைப் பிடித்து வாங்கிய அனுமதியை அவர்களும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். வங்கிக் கடன் எடுத்து, அத்திவாரம் போட்டு, இரண்டு மாடி எழும்பிய பிறகு அந்த அனுமதி விழுந்தால், பிடித்த ஆள் உங்கள் தொலைபேசியை எடுப்பாரா? வீடு என்று பிளான் பாஸ் பண்ணிவிட்டு ஹோட்டல் நடத்தச் சொல்லியும் சிலர் வருவார்கள். கேட்காதீர்கள்.

கடிதம் கிடைத்ததும் அந்த அயலவர்களை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டு, திருத்தப் போகும் பிளானைக் காட்டுங்கள். காரணங்களின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.