மழையில் வைப்பர் நின்றுவிட்டால் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டுமா?

குளச்சலில் வீடு, ஐப்பசி மழையில் கார் வைப்பர் பாதியில் நின்றுவிட்டது, மோட்டாரை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் சுவிட்சைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் வந்தும் வைப்பர் அசையவில்லையா? பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது. வைப்பர் கையின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் ஒரு நட் தெரியும். அது லூசானால் தண்டு மட்டும் சுற்றும், கை அப்படியே நிற்கும். இறுக்கினால் போதும். நட் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால், உள்ளே மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் லிங்க் கம்பி கழன்றிருக்கலாம்.

சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். கூடுதலாகப் போட்டால் வயர் கருகும். புதியதும் உடனே போனால், எங்கோ இறுகிப் பிடித்திருக்க வாய்ப்புண்டு.

நம் கடற்கரைப் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இறுக்கத்தைத்தான். உப்புக்காற்று பட்டுப் பட்டுத் தண்டில் துரு ஏறி, அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனியில் வைப்பரைத் தொடவே மாட்டோம், அதற்குள் நன்றாகப் பிடித்துவிடும். மெக்கானிக்கிடம் தண்டைக் கழற்றி, துரு நீக்கி, கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை தயவுசெய்து மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.