வசனம் இல்லாத ஷேக்ஸ்பியர்

வணக்கம் சார்,

ஷேக்ஸ்பியர் நாடகங்களை வைத்து எடுத்த ஆரம்பகால மௌனப்படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். 1911-இல் வந்த 'மூன்றாம் ரிச்சர்ட்' படத்தில் நடிகர்கள் ஓயாமல் வாயசைக்கிறார்கள், ஒரு சொல் கேட்கவில்லை. கைகால்கள் வேறு வெடுக்வெடுக்கென்று ஆடுகின்றன. வசனத்தை எடுத்துவிட்டால் ஷேக்ஸ்பியரில் என்ன மிச்சம்? எதற்காக இவற்றை எடுத்தார்கள்?

கே.

அன்புள்ள கே,

அந்த வெடுக்வெடுக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நடிகர்களின் குறை அல்ல. மௌனப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை பேசும்படத்தின் வேகமான 24 ஃபிரேமில் ஓட்டினால் யாரும் அப்படித்தான் தெரிவார்கள். வேகம் சரிசெய்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள்.

நீங்கள் பார்த்தது ஆங்கில நடிகர் ஃபிராங்க் பென்சனின் நாடகக் குழுவினர் எடுத்த படம். ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் நாடக அரங்கிலேயே, பார்வையாளர் பக்கம் கேமராவை நிறுத்தி, மேடையில் நடப்பதை அப்படியே பிடித்தார்கள். நாடகத்தை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு அது போதும், வசனத்தை அவர்களே மனதுக்குள் ஓட்டிக்கொள்வார்கள். ஷேக்ஸ்பியரின் முதல் படம் என்று சொல்லப்படும் 'ஜான் மன்னன்' (1899) கூட, லண்டனில் நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ மேடையேற்றிய நாடகத்துக்கு விளம்பரமாக எடுத்த சில துண்டுக் காட்சிகள்தான். விஷம் ஏறிய மன்னன் நாற்காலியில் துடிக்கும் ஒரு காட்சி மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது.

ஆனால் மேடையைவிட்டு இறங்கி வந்த படங்களும் உண்டு. பெர்சி ஸ்டோ எடுத்த 'டெம்பெஸ்ட்' (1908) சுமார் 12 நிமிடம்தான். நாடகத்தில், தீவில் வாழும் மந்திரவாதி ப்ராஸ்பரோ தன் பழங்கதையை மகள் மிராண்டாவுக்கு உட்காரவைத்துச் சொல்கிறான். நீளமான பேச்சு, மேடையில் அதை அலுக்காமல் சொல்லப் பெரிய நடிகர் வேண்டும். படத்திலோ அந்தக் கதை கண்ணெதிரே நடக்கிறது: கைக்குழந்தையோடு தீவில் வந்து இறங்குகிறான், மரத்துக்குள் அடைபட்ட ஏரியல் என்ற ஆவியை விடுவிக்கிறான். ஏரியலாக வருவது ஒரு சிறுமி. கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டும் எளிய தந்திரத்தால் அவள் சட்டென்று மறைகிறாள். கப்பல் புயலில் சிக்கும் காட்சியில் ஒரு படத்தின்மேல் இன்னொன்றைப் பதித்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்ததை இவர்கள் காட்டிவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கதைக்குள் புதைந்திருக்கும் நிகழ்ச்சி மிச்சம், அது சிறிய விஷயமே அல்ல.

அப்புறம் முகம். நடிகை ஆஸ்டா நீல்சன் நடித்த ஜெர்மானிய 'ஹாம்லெட்' (1921) படத்தில், நாடகத்தில் இளவரசனாக வரும் ஹாம்லெட் ஒரு பெண். அரியணைக்கு வாரிசு வேண்டும் என்பதற்காக ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவள், நண்பன் ஹொரேஷியோவை விரும்புகிறாள், யாரிடமும் சொல்ல முடியாது. புகழ்பெற்ற தனிமொழிகள் போய்விட்டன. பதிலாக, வாய்விட்டுச் சொல்லவே முடியாத ஒரு ரகசியம் நாயகிக்குக் கிடைத்திருக்கிறது. மௌனப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஹாம்லெட்டை என்னால் யோசிக்க முடியவில்லை. சில காட்சிகளில் நீல்சனின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

'டெம்பெஸ்ட்'டை முதலில் பாருங்கள், பிறகு 'ஹாம்லெட்'. பின்னணி இசை பொருந்தாவிட்டால் ஒலியை நிறுத்திவிடுங்கள், பெரும்பாலும் அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.