அல்வா விலை தானா இறங்குது அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, டவுன்ல ஒரு அல்வா கடைக்கு சி ஷார்ப்ல பில் போடுத சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டாபேஸ் வரைக்கும் போவாண்டாம்னு விலைப்பட்டியல மெமரிகேஷ்ல, அதாவது புரோகிராம் ஓடுத மெமரியிலயே, அரை மணி நேரத்துக்கு வச்சேன். மொத்தமா வாங்குதவங்களுக்கு மட்டும் 10 சதவீதம் தள்ளுபடி. ஆனா கிலோ 400 ரூவா அல்வா, மொத்த பில் ஒண்ணு போட்டதும் எல்லாருக்கும் 360 ஆகுது, இன்னொண்ணு போட்டா 324, கொஞ்ச நேரங்கழிச்சு தானா 400க்கு வந்துருது. டேட்டாபேஸ்ல எப்பவும் 400தான் நிக்கு. மொதலாளி போனுக்கு மேல போன் போடுதாவ. கேஷ்ல பக் இருக்கா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கேஷ் மேல பழிய போடாண்டாம்வே. விலைய வைக்க நீரு கோடுல எழுதுன பொருள் ஒரு கிளாஸ், அதாவது ரெஃபரன்ஸ் டைப். கேஷுக்குள்ள அதோட நகல் போகாது, அது மெமரியில எங்க கெடக்குன்னு காட்டுத ரெஃபரன்ஸ்தான் போகும், எடுக்கும்போதும் அதேதான் திரும்பி வரும். கடைச் செவத்துல தொங்குத விலைப் பலகைய போட்டோ எடுத்து தரும்னு நீரு நெனைச்சீரு, அது பலகையவே கழட்டி கையில குடுத்துட்டு, நீரும் 0.9ஆல பெருக்கி அதுலயே அழிச்சு எழுதிட்டீரு. சந்தேகம்னா ஒரே கீய வச்சு ரெண்டு தடவ எடுத்து ரெண்டும் ஒரே பொருள்தானான்னு சொல்லுத ரெஃபரன்ஸ்ஈக்வல்ஸ் போட்டு பாரும், ட்ரூன்னு வரும். அரை மணி எக்ஸ்பைரி முடிஞ்சதும் டேட்டாபேஸ்ல இருந்து புதுசா வாரதாலதான் 400 ஆகுது.

வெறும் டெசிமல, அதாவது விலை எண்ண மட்டும் வச்சிருந்தா இந்த வம்பே இல்ல, அது வேல்யூ டைப், கைக்கு நகல்தான் வரும். ஸ்ட்ரிங்கும் ரெஃபரன்ஸ் டைப்தான், ஆனா அத மாத்தவே முடியாதுங்கதால தப்பிச்சுட்டு.

இப்போதைக்கு தள்ளுபடி விலைய தனி வேரியபிள்ல கணக்கு போடும், கேஷ்ல இருந்து வந்தத தொடாதேயும். கை சும்மா இருக்காதுன்னா கிளாஸ ரெக்கார்டா மாத்தி ப்ராப்பர்ட்டிக்கு, உருவாக்கும்போது மட்டும் மதிப்பு வைக்க விடுத இனிட்ட போட்டுரும், சி ஷார்ப் 9ல இருந்தே இருக்கு, மாத்தப் போனா கம்பைலரே விடாது, வேணும்னா வித் போட்டு புது நகல் எடுத்துக்கலாம். ஆனா வித் மேலோட்டமாத்தான் நகல் எடுக்கும், உள்ள ஒரு லிஸ்ட் இருந்தா ரெண்டு நகலுக்கும் அந்த ஒரே லிஸ்ட்தான், இதுல நான் ஒரு ராத்திரி பூரா முழிச்சு கெடந்திருக்கேன்.

ரெடிஸ்ல, அதாவது புரோகிராமுக்கு வெளிய தனியா ஓடுத கேஷ்ல, வச்சப்போ ஒழுங்காத்தான் ஓடுச்சும்பாவ சிலரு. ஓடும், அங்க பொருள சீரியலைஸ் பண்ணி, அதாவது வெறும் எழுத்தாவோ பைட்டாவோ மாத்தி அனுப்பி, எடுக்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட்டா கட்டுதோம்லா. அதே கோட அப்படியே மெமரிகேஷுக்கு தூக்கிட்டு வந்தா உமக்கு வந்த கதைதான் அவுகளுக்கும்.

324க்கு வாங்கிட்டு போனவரு நாளைக்கும் அதே விலைய கேட்டு வந்து நின்னா, அத மொதலாளிதான் சமாளிக்கணும்.