டாஸ்க் மேனேஜரில் 0.79 காட்டினால் பிராசஸர் போச்சா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு டெல் லேப்டாப் வாங்கினேன். ஐ5-8250யூ பிராசஸர், 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் 0.79 என்றே காட்டுகிறது. கல்யாணப் பத்திரிகை டிசைனைத் திறந்தால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடையில், "பிராசஸர் வீக் ஆயிருச்சு, போர்டு மாத்தணும், 9,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். இல்லையென்றால் லினக்ஸ் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பிராசஸர் நாள்பட நாள்பட வலுவிழந்து 1.6-லிருந்து 0.79-க்கு இறங்கி வராது. யாரோ அதை 0.79-ல் ஓடச் சொல்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வேலை இல்லாத நேரத்தில் 0.79 காட்டினால் அது நல்ல அறிகுறி. புரோட்டாக் கடையில் கூட்டம் இல்லாதபோது கல்லுக்கு அடியில் தீயைத் தணித்து வைப்பார்களே, அதேதான். பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகளான கோர்களில், எந்த வேலை எதில், எப்போது ஓட வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் பகுதி விண்டோஸிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. அதற்கு ஷெட்யூலர் என்று பெயர். எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும். லினக்ஸ் 2016-ல் வந்த 4.7 பதிப்பில், ஷெட்யூலர் வைத்திருக்கும் அந்தக் கணக்கைக் கொண்டே வேகத்தைக் கேட்டு வாங்கும் முறையைச் சேர்த்தார்கள். அந்த முறையில், உச்சத் திறனில் பாதி அளவுக்கு வேலை இருந்தால் சுமார் 62 சதவீத வேகம் கேட்கும். கொஞ்சம் கூடுதலாகவே கேட்டு வைத்துக்கொள்ளும்.

வேகம் குறைந்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தையும் (வோல்டேஜை அதனாலேயே பெருக்கியது) வேகத்தையும் பொறுத்தது. அதனால் இரண்டும் சேர்ந்து இறங்கும்போது, வேகம் பாதியானால் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். சித்திரை வெயிலில் கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் பிராசஸர் 15 வாட்டுக்கு வடிவமைத்தது, 1.6 அதன் அடிப்படை வேகம், தேவைப்பட்டால் 3.4 வரை போகும்.

ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கத்தான் முடியும். இன்டெல்லில் 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து, விண்டோஸ் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், எந்த வேகம் என்பதை சிப்பே முடிவு செய்யும். அந்த சிப்பையும் அடக்கும் கட்டளை ஒன்று மதர்போர்டிலிருந்து வரும். அது வந்துவிட்டால் விண்டோஸ் என்ன, லினக்ஸ் என்ன, யார் கேட்டாலும் வேகம் ஏறாது. அதனால் லினக்ஸ் போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

இப்போது சோதித்துப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், சிபியு. அதைத் திறந்து வைத்துக்கொண்டே பெரிய டிசைன் ஃபைல் ஒன்றைத் திறங்கள். பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமும் 2, 3 என்று ஏறினால் பிராசஸரில் குறை இல்லை. இழுப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கையோ ரேமையோ பாருங்கள். பயன்பாடு ஏறியும் வேகம் 0.79-லேயே நின்றால், சார்ஜரைக் கையில் எடுங்கள்.

ஆமாம், சார்ஜர்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. டெல் சார்ஜரின் முனையில், நட்ட நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் அது வழியாக வருவதில்லை. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கு மட்டுமே அது இருக்கிறது. டூப்ளிகேட் சார்ஜர்கள் பலவற்றில் இந்த அடையாளம் சரியாக வராது. சார்ஜர் யாரென்று தெரியாதபோது, தாங்காத சுமையை அதன் மேல் ஏற்றிவிடக் கூடாதென்று மதர்போர்டு பிராசஸரைக் கீழே பிடித்து வைக்கிறது. பேட்டரியையும் சார்ஜ் ஏறவிடாது. ஒரிஜினல் சார்ஜரிலும் இது வரும். வயரை இறுக்கிச் சுற்றிச் சுற்றி வைப்பதால், முனைக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் அந்த மெல்லிய கம்பி மட்டும் அறுந்துபோகும். விளக்கு எரியும், லேப்டாப் ஓடும், வேகம் மட்டும் வராது. ஊசி வளைந்தாலும் இதே கதைதான்.

பேட்டரியில் நல்ல சார்ஜ் இருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி சார்ஜர். ஏறவில்லையென்றால் ஃபேனைப் பாருங்கள். உங்கள் பகுதி முழுக்க ஜவுளிக்கடை. பஞ்சுத்தூசி ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் செம்புத் தகடுகளை அடைத்துவிடும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

எனக்குக் கோபம் எங்கே வருகிறதென்றால், சார்ஜர் தெரியவில்லை என்பதை ஆன் செய்யும்போது ஒரே ஒரு தடவை ஆங்கிலத்தில் காட்டுகிறார்கள். எஃப்1 தட்டி அதைத் தாண்டிவிட்டால், விண்டோஸ் வேகம் ஏன் குறைந்தது என்று ஒரு வரி சொல்லாது. கண்ட்ரோல் பேனலில் ஒரு பவர் பிளான், செட்டிங்ஸில் இன்னொரு பவர் மோட் என்று இரண்டு இடத்தில் வைத்துக் குழப்பவும் செய்கிறார்கள். இந்தக் குழப்பத்தில்தான் ஆட்கள் பிழைக்கிறார்கள். "ஸ்பீடு பூஸ்டர்" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, விண்டோஸில் இலவசமாக இருக்கும் பவர் மோடை மாற்றிவிட்டுப் போவார்கள். சிலர் "சூடு குறையும்" என்று, பவர் பிளானில் இருக்கும் அதிகபட்ச பிராசஸர் நிலையை 99 சதவீதத்தில் வைத்துவிடுவார்கள். அத்தோடு, அடிப்படை வேகத்தைத் தாண்டி ஏற்றும் டர்போ போய்விடும், 1.6-க்கு மேல் ஏறாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் இதையும் ஒரு முறை பார்த்து 100 ஆக்குங்கள்.

இவர்கள் எல்லாரையும் விட மோசம், த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளை வைத்து மதர்போர்டின் கட்டளையையே துண்டித்துவிடுகிறவர்கள். வேகம் உடனே வரும். நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பீர்கள். ஆனால் அந்தக் கட்டளை சார்ஜருக்காக மட்டும் வருவதில்லை, போர்டில் வேறு பாகம் சூடானாலும் வரும். அன்றைக்குத் தடுக்க ஆள் இருக்காது. அப்புறம் நிஜமாகவே போர்டு மாற்ற வேண்டி வரும், அதற்கும் அவரிடமே போய் நிற்பீர்கள்.

சார்ஜர் வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் கொண்டு போங்கள். லேபிளில் 19.5 வோல்ட் இருக்க வேண்டும். வாட் பழைய சார்ஜரில் இருந்ததற்குக் குறையக் கூடாது. கடையிலேயே சொருகி, ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போய் பேட்டரி பகுதியைப் பாருங்கள். ஏசி அடாப்டர் என்ற இடத்தில் 65 வாட் என்றோ, உங்கள் சார்ஜரில் உள்ள வாட்டோ காட்டினால் பணத்தை எடுங்கள். ‘அன்னோன்’ என்று வந்தால், கடைக்காரர் எத்தனை மாதம் வாரண்டி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.